கல்லின் வம்சம்

எர்ணாவூருக்கு வடக்கே எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாறு ஆதிமனிதனின் சரித்திரத்தைத் தன் கரையில் தாங்கியிருப்பதை நம் ஜனங்கள் அறியவேண்டும்.

அந்நதிப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை ராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல் கண்டனர். டார்வினின் பரிணாம நூல் வெளிவந்து அப்போது நான்கே வருஷம். அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழமையானவை என்று சாந்தி பாப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டனர். பெருங்கருவிகள் அருகி, நுட்பமான சிறு சில்லுக் கருவிகள் தலையெடுத்தது ஏறக்குறைய 3,85,000 வருஷங்களுக்கு முன் என்று 2018-ல் காட்டினர்.

கல் குட்டி போடுவதில்லை. ஒருவன் கைவேலையைப் பார்த்து மற்றொருவன் கற்பதே கருவியின் வம்சவிருத்தி. கற்கையில் நேரும் மாறுதல்களில் உதவுவது நிற்கும், உதவாதது ஒழியும். கட்டுமரம் பைபர் படகுக்கு இடங்கொடுத்ததை நம் மீனவர் கண்ணாரக் கண்டனர். பரிணாம சாஸ்திரம் இங்கே பொருந்துவது இவ்வளவே. அதைக் கொண்டு மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு கற்பிப்பது அநீதி. அக்கருவிகளைச் செய்தவர் யாரென்று சொல்ல அங்கே ஓர் எலும்பும் கிடைக்கவில்லை; ஆகவே நாமும் வீண்பெருமை பேசலாகாது.

ஆனால் மண்ணடுக்குக் குலைந்தால் எது முந்தியது, எது பிந்தியது என்பது விளங்காது, கருவியும் வெறுங்கல்லாகிவிடும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பலைப் படியவிட்ட தவறு ஒன்றே போதும். இப்படுகையில் மண்ணெடுக்க உத்தரவு தருமுன் தொல்பொருள் பரிசோதனை நடத்துவதை ஸர்க்கார் கட்டாயமாக்க வேண்டும்.