எஞ்சின் இல்லாத விமானமும் நியாயமான போட்டியும்



எஞ்சின் இல்லாத விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய் மேலே விடும். அப்புறம் வெயிலில் சூடாகி எழும்பும் காற்றைத் தேடிப்பிடித்து, பருந்து மாதிரி வட்டமடித்து உயரம் ஏற வேண்டும். ஏறிய உயரத்தைச் செலவு செய்து அடுத்த இடத்துக்குச் சறுக்கிப் போக வேண்டும். இப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி வந்து, யாருக்கு வேகம் அதிகம் என்று பார்ப்பதுதான் கிளைடர் பந்தயம். முதல் உலகப் போட்டி 1937-இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் நடந்தது.

பந்தயம்னா முதலில் வருகிறவர்தான் ஜெயித்தவர், இதில் என்ன யோசனை என்று கேட்பீர்கள். யோசனை இருக்கிறது. போலந்து நாட்டு 'பிடபிள்யூ-5' கிளைடரின் இறக்கை நீளம் 13.44 மீட்டர். காற்று அசையாத நேரத்தில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சுமார் 32 கிலோமீட்டர் சறுக்கும். ஜெர்மனியின் 'ஈட்டா'வுக்கு இறக்கை 30.9 மீட்டர். அது அதே உயரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் போகும். ரெண்டையும் ஒன்றாக விட்டால் ஜெயிப்பது ஓட்டுகிறவரா, அவர் வீட்டுப் பணமா?

இதற்கு மூன்று வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வழி, வகுப்பு பிரிப்பது. 'ஸ்டாண்டர்டு' வகுப்பில் இறக்கை 15 மீட்டருக்கு மேல் கூடாது. 'ஓப்பன்' வகுப்பில் இறக்கைக்கு அளவே இல்லை. ஸ்டாண்டர்டு வகுப்பு 1958-இல் போலந்தின் லெஷ்னோ உலகப் போட்டியில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனா வகுப்புக்குள்ளேயே புதுசு வாங்க முடிந்தவர் முன்னே போய்விடுவார்.

இரண்டாவது வழி, எல்லாருக்கும் ஒரே கிளைடர். பிடபிள்யூ-5-ஐத் தேர்ந்தெடுத்து, 'உலக வகுப்பு' என்று பெயர் வைத்து, 1997-இல் துருக்கியில் முதல் உலகப் போட்டி நடத்தினார்கள். கேட்கும்போது இதைவிட நியாயம் வேறு இல்லை என்று தோணும். ஆனா தன்னிடம் இருக்கும் கிளைடரை விட்டுவிட்டு எல்லாரும் இதையே வாங்கணுமே! எதிர்பார்த்த அளவுக்குப் பேர் சேரவில்லை. பிறகு அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது வழி ஹேண்டிகேப். நாம் 'சமன் எண்' என்று வைத்துக்கொள்வோம். 'கிளப்' வகுப்பில் இதுதான் முறை. பழைய கிளைடரும் வரலாம். ஒவ்வொரு வகைக் கிளைடருக்கும் ஒரு எண் உண்டு. வேகத்தை அந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உதாரணமாக, ஒரு கிளைடரின் எண் 100, வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். இன்னொன்றின் எண் 110, வேகம் 97. கணக்குப் போட்டால் முதலாவது 90, இரண்டாவது 88.2. மெதுவாக வந்தது ஜெயித்துவிட்டது!

"இது சலுகைதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை என்பது என் கருத்து. குதிரைப் பந்தயத்தில் நல்லா ஓடும் குதிரை மேல் அதிக எடை ஏற்றுவார்கள். அங்கே திறமைக்கே சுமை. கிளைடரில் எண் கருவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. எந்தக் காற்று தூக்கும், எப்போது கிளம்பணும், எங்கே திரும்பணும் என்ற அறிவுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைவதில்லை. போலந்தின் செபாஸ்டியன் காவா பல வகுப்புகளில் உலகப் பட்டம் வாங்கியவர். கிளப் வகுப்பும் அதில் ஒன்று. கிளைடர் மாறியும் அவர் ஜெயித்தார் என்றால் அதுதான் திறமை.

சமன் எண்ணிலும் குறை உண்டு. அது சராசரி வானிலையை வைத்துப் போட்டது. எதிர்க்காற்று பலமா அடிக்கிற நாளில் சின்ன கிளைடருக்கு அந்த எண் போதாது. ஆனாலும் கொஞ்சம் பிசகும் கணக்கு, கணக்கே போடாததைவிட மேல்.

பெண்களுக்கென்று 2001 முதல் தனி உலகப் போட்டியும் நடக்கிறது. காற்றுக்கு ஆண் பெண் தெரியாதே, பின்னே ஏன்? இந்த விளையாட்டில் பெண்கள் குறைவு. நிறையப் பேர் வரணும் என்பதற்காக அது. பொதுப் போட்டியிலும் பெண்கள் கலந்துகொள்ளலாம். ஒரு கதவைத் திறந்துவிட்டு இன்னொன்றை மூடாமல் இருந்தால் அது நியாயம். "உனக்குத்தான் தனியா இருக்கே, இங்கே ஏன் வர்றே?" என்று கேட்டால் அது நியாயம் இல்லை.

நம்ம வட்டாரப் போட்டிகளில் முள் ஷூ போட்டவரும் வெறுங்காலில் ஓடுபவரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். ஓட்டத்துக்குச் சமன் எண் போட முடியாது, எனக்கும் அது வேண்டாம். ஆனா இருக்கும் ஷூக்களை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றிக் கொடுக்கலாமே. இல்லாவிட்டால் எல்லாரையும் வெறுங்காலில் ஓடச் சொல்லலாமே. கோடு ஒன்றாக இருந்தால் மட்டும் போட்டி சமமாகிவிடாது. உடற்கல்வி ஆசிரியர் இதைப் படித்துவிட்டுத் தம் கருத்தைக் கீழே எழுத வேண்டுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி