கூண்டு யாருக்கு?

சந்தையில் கோழிக்கூண்டு என்று விற்கிறார்களே, அதைச் செய்கிறவர்கள் பாம்பு என்ற ஒன்றைக் கேள்வியாவது பட்டிருப்பார்களா என்று எனக்குத் தீராத சந்தேகம். ஆங்கிள் சட்டம், பச்சைப் பெயின்ட், மேலே தகரம், சுற்றிலும் ஒரு அங்குல அறுகோணக் கண் வைத்த கம்பிவலை. கோழி வெளியே போகாது, சரி. உள்ளே வருகிறதை யார் பார்ப்பது? என் கட்டைவிரல் அந்தக் கண்ணில் தாராளமாகப் போய் வருகிறது. கதவை மூடினாலும் அடியில் ஒரு சந்து.

எங்கள் அடைக்கோழி கதை அப்படித்தான் முடிந்தது. 21 நாளில் பொரிக்க வேண்டிய முட்டைகள். பொரிக்கிற நேரமும் நெருங்கிவிட்டது. ராத்திரி நல்ல பாம்பு புகுந்திருக்கிறது. அடையில் இருக்கிற கோழி விட்டுக்கொடுத்து எழுந்து போகுமா? கொத்தப் போயிருக்கும், ஒரே கடி. விழுங்க முடியாத பெரிய கோழியை அப்படியே போட்டுவிட்டு முட்டைகளை உள்ளே தள்ளியிருக்கிறது. விடிந்து பார்த்தால், சுருக்குப்பையில் கொட்டைப்பாக்கை அடைத்தமாதிரி உடம்பெல்லாம் புடைப்போடு மூலையில் சுருண்டு கிடக்கிறது. வந்த வழியில் திரும்பிப் போக முடியவில்லை. உள்ளே வந்தது அதன் கெட்டிக்காரத்தனம். வெளியே போக முடியாமல் போனது மட்டும்தான் கூண்டுக்காரரின் கெட்டிக்காரத்தனம்.

பாம்பு பிடிக்கிறவர் வந்து வாலைப் பிடித்து இழுத்ததும் ஒவ்வொன்றாகக் கக்கியது. வழவழவென்று கோழை பூசிய முழு முட்டைகள், ஓட்டில் ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "கழுவி வேற கோழிக்கு அடை வச்சிருடி" என்றார். கோழி செத்த துக்கத்தில் இருந்தவளிடம்!

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். பூண்டை நசுக்கிப் போடு. சிறியாநங்கை நட்டு வை. பினாயிலைச் சுற்றி ஊற்று. அந்துருண்டையைப் போட்டுவிடு. அந்துருண்டையைக் கோழி கொத்தினால் அதைக் கொல்லப் பாம்பே வேண்டாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பூண்டு போட்ட இடத்துக்கு மேலேயே சாரை ஊர்ந்து போனதை நான் பார்த்தேன். ஒருவர் கின்னிக்கோழி வளர்க்கச் சொன்னார். வளர்த்தோம். பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும், உண்மை. பூனையைக் கண்டாலும் கூட்டும், தபால்காரரைக் கண்டாலும் கூட்டும். கடைசியில் அது கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

யாரும் சொல்லாதது எலியைப் பற்றி. பாம்பு வளை தோண்டாது; எலி தோண்டியதில் குடியேறும். கோழிக்கு இறைத்த கம்பும் நொய்யும் ராத்திரி தரையில் கிடந்தால் எலி வரும், எலியின் வாசத்தைத் தொட்டுக்கொண்டு பாம்பு வரும், வந்த இடத்தில் குஞ்சும் முட்டையும் இருந்தால் வேண்டாம் என்றா சொல்லும்? சாயங்காலம் தேவைக்கு மட்டும் போடுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். "சிந்தினா கோழி பொறுக்கிக்கும்மா" என்றார். பொறுக்குவது எலி. கூண்டை ஒட்டியே விறகை அடுக்கி, பாம்புக்கு மாடிவீடும் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

சரி, நல்ல வலையாவது போடலாமென்று கடைக்குப் போய் அரை அங்குலச் சதுரக் கண் வைத்த வெல்டு மெஷ் கேட்டேன். அதில் நுழைகிற அளவுக்குச் சின்னப் பாம்புக்கு முட்டையை விழுங்க வாய் போதாது, அதுதான் கணக்கு. கடைக்காரர் சிரித்துவிட்டு, "கோழிக்கு எதுக்குக்கா இம்புட்டு சன்னம்? கொசு கடிக்குதா?" என்றார். விலையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரைக்கும் அதையே விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி கீழேயிருந்து கதவு திறந்துவிடும்.

மலிவாக முடிக்கிறேன் என்று மச்சினர் மீன்வலையைச் சுற்றிக் கட்டினார். சாரை ஒன்று அதில் மாட்டி, திமிறத் திமிற நூல் தோலை அறுத்து, மதியம் வரை துடித்தது. கத்தரியோடு உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தோம். விஷமில்லாத பிராணி, வயலில் எலி தின்று பிழைக்கிறது. "அடிச்சுப் போட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை" என்று வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு சாரையும் நல்ல பாம்பும் முதல் பட்டியலில் இருக்கின்றன என்றேன். "சட்டம் வந்து கோழிக்குப் பதில் சொல்லுமா?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோழி போனால் போகட்டும் என்றுகூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். எங்கள் அத்தையை என்ன செய்வது? 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பேப்பரில் வந்ததை வாசித்துக் காட்டினேன். கடித்தால் கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, நேராக 108தான் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இருட்டினதும் கோழிக்கு அடியில் கையை விட்டு முட்டையைத் துழாவுகிறார்.

"டார்ச்சை எடுத்துட்டுப் போங்கத்தே."

"எங்கோழி எனக்குத் தெரியாதா?"

கூண்டுக்குப் போகிற வழியிலேயே ஆணி அடித்து டார்ச்சை மாட்டி வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் மட்டும் அதை எடுக்கிறார்கள், அதுவும் அடுப்படிக்கு.