ஆற்றங்கரைக்கு வேண்டியது அறையா, கூடாரமா?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் போய் ஒரு சனி, ஞாயிறு தங்குவது நல்ல பழக்கம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அங்கே தங்குவதற்கென்று எதையும் கட்டக் கூடாது. திரும்பும்போது சுருட்டிக் கையோடு எடுத்துப்போக முடிகிற கூடாரம் போதும். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு உண்டு: கழிப்பறை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், பழைய மாணவன் ஒருவன் கேட்ட யோசனை. நம் பக்கத்தில் ஆற்றை ஒட்டி அவனுக்கு அப்பா வழியில் வந்த தென்னந்தோப்பு இருக்கிறது. வார இறுதிக்கு வருகிறவர்களுக்காக எட்டு ஏசி அறை, ஒரு நீச்சல் குளம், இரவில் பாட்டு, ஆட்டம் என்று திட்டம் வைத்திருக்கிறான். பெயர் மட்டும் "ரிவர்சைடு கேம்பிங்". பெயரைச் சொல்லாமல் இங்கேயே பதில் எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஏனென்றால் இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமில்லை. நம் ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கிற பலருக்கும் இந்த ஆசை வந்துகொண்டிருக்கிறது.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது ஒரு வார இறுதியில் இப்படித் தங்கியிருக்கிறேன். செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். மிசௌரி மாநிலத்தின் தெற்கே ஓசார்க் மலைப்பகுதியில் ஓடுகிற ஆறு அது. பெயர் கரண்ட் ஆறு. நாங்கள் தங்கிய கரையில் கரண்ட் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. போனில் சிக்னல் கிடையாது. மரத்தடியில் சமமாக்கிய தரை, ஒரு மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், கொஞ்சம் தள்ளி ஒரு குழிக் கழிப்பறை. இவ்வளவுதான். "காசு செலவழித்து இப்படிக் கஷ்டப்படணுமா அத்தை?" என்று நம் குடும்பக் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. அதன் குறுக்கே அணை கட்டும் திட்டங்கள் பேசப்பட்டன. அவற்றை எதிர்த்துப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கடைசியில் 1964-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, கரண்ட் ஆற்றையும் அதன் கிளையான ஜாக்ஸ் ஃபோர்க்கையும் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் வைத்தது. அதற்காக நிலம் கொடுக்க வேண்டிவந்த குடும்பங்களின் மனக்குறையும் அந்த ஊர்களில் உண்டு. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நான் கதை விடமாட்டேன். ஆனால் ஆறு தப்பித்தது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிற ஊற்றுகள்தான் அதற்கு உயிர். 'பிக் ஸ்பிரிங்' என்ற ஓர் ஊற்று மட்டும் சராசரியாக நாளுக்கு 100 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் தருகிறது. கோடையிலும் தொட்டால் சில்லென்று இருக்கும்.

வசதி இல்லாத இடம் ஆளை எப்படி மாற்றுகிறது என்று அங்கே கவனித்தேன். ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு நாங்களே தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற பேரன், ஒரு டம்ளர் தண்ணீரில் வாயும் கொப்பளித்து முகமும் கழுவினான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேன் சொன்னது. பாத்திரத்தை ஆற்றில் கழுவக் கூடாது. தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது சுமார் எழுபது தப்படி, தள்ளிப்போய்க் கழுவ வேண்டும். சோப்பு ஆற்றில் கலக்கக் கூடாது என்பதற்காக. ஆற்றுக்குள் கண்ணாடி பாட்டில் கொண்டுபோகத் தடை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டுபோன குப்பை திரும்பக் காரில் ஏற வேண்டும். புறப்படும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்ற பிறகுதான் அடுப்பை விட்டு நகரலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்தவர்களுக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் நாம் செய்தது வேறென்ன? அரிசி, பருப்பு, பாய், தார்ப்பாய், பாத்திரம் எல்லாம் கட்டிக்கொண்டு போய், ஆற்றோரம் குடில் போட்டு, கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, குடும்பம் குடும்பமாகத் தங்கினோம். பாட்டி காலத்திலிருந்து வந்த பழக்கம். 'கேம்பிங்' என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே நாம் கேம்பிங் போனவர்கள்.

என்ன மாறியது? கூட்டம் பெருகியது, பிளாஸ்டிக் வந்தது. அந்தக் காட்டை 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அது மிருகங்களின் வீடு. அங்கே தங்கும் நாட்களை வனத்துறை குறைப்பதும், பைகளைச் சோதிப்பதும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. கீழே பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுவருகிற துணிகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு தாமிரபரணி. அது கெட்டால் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டவும் முடியாது.

இப்போது கழிப்பறை. ஒரு பெண்ணாக இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எளிமை வேறு, அசிங்கம் வேறு. "இயற்கையோடு இருங்கள்" என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு புதர் தேடுவது யார்? கரண்ட் ஆற்றங்கரையில் மின்சாரம் இல்லை, ஆனால் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருந்தது. அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் என் வயதில் நானும் போக முடிந்தது. நம் திட்டக்காரர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். வண்ண விளக்கும் ஒலிபெருக்கியும் முதல் நாளே வந்துவிடும், கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டால் பதில் இராது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் ஆற்று வளைவுப் படம் வரைந்தது நினைவிருக்கிறதா? வளைவின் வெளிக்கரையை ஆறு அரிக்கும், உள்கரையில் மணலும் கூழாங்கல்லும் படியும். டென்ட் போட அழகாகத் தெரிவது அந்த உள்கரைத் திட்டுதான். சமமாக, சுத்தமாக, காற்றோட்டமாக இருக்கும். ஏன் அங்கே மரம் வளரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஆறு அடிக்கடி வந்து படுக்கிற இடம் அது.

2010 ஜூன் 11 விடியற்காலையில், அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஆல்பர்ட் பைக் என்ற ஆற்றோர முகாமில் 20 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். இரவில் கொட்டிய மழையில், லிட்டில் மிசௌரி என்ற சிற்றாறு சில மணி நேரத்தில் ஏறத்தாழ 20 அடி உயர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தப்பிக்க நேரமே இல்லை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி எங்கெல்லாம் வந்தது என்று ஸ்ரீவைகுண்டத்துச் சொந்தங்களைக் கேளுங்கள்.

ஆகவே எங்கே போனாலும் மூன்றைப் பாருங்கள். மரக்கிளைகளில் பழைய சருகும் குச்சியும் துணியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன? வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. இருட்டிலும் குழந்தைகளோடு நடந்தே ஏறிவிடக்கூடிய மேடு எங்கே? மேலே மலையில் மழை உண்டா, அணை இருந்தால் தண்ணீர் திறக்கப்போகிறார்களா? நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது போதாது. இவற்றுக்குப் பதில் தெரியாவிட்டால் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, "நம்ம ஆளுங்க விதியை மதிக்க மாட்டாங்க டீச்சர்." இதே நம் ஆட்கள் மிசௌரியில் குப்பையைக் கட்டிக் காரில் ஏற்றியதை நான் பார்த்தேன். அங்கே பத்துக் கூடாரத்துக்கு இடம் என்றால் பத்துதான் போடலாம், சுற்றிப் பார்க்க ஒரு அதிகாரி வருவார். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பையும் இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பையும் நடத்தியவள் நான். ஒழுங்கு பாதிக்குப் பாதி எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, "வம்பே வேண்டாம், ஆற்றங்கரைக்கு யாரையும் விடாமல் தடை போடட்டும்." காட்டுக்குள் அது சரி. சமவெளியில் சரியில்லை. ஆற்றோரம் ஒரு ராத்திரிகூடத் தூங்காத பிள்ளைக்கு ஆறு என்பது பாலத்தின் மேலே போகும்போது ஜன்னலில் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். நாளைக்கு அங்கே மணல் அள்ளினாலும், சாக்கடையைத் திருப்பிவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு என்ன வலிக்கப்போகிறது?

தம்பி, உனக்குச் சொல்கிறேன். நீச்சல் குளத்தை விடு, பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. தோப்பின் மேட்டுப் பகுதியில் பத்துக் கூடாரம் போட இடம் ஒதுக்கு. ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, வெள்ளம் எட்டாத மேட்டில், நாலு நல்ல கழிப்பறை கட்டு. அந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம். வருகிறவர் கொண்டுவருகிற பையை வரும்போதும் போகும்போதும் எண்ணிப் பார். ஆற்றில் இறங்கும் இடத்தில் நீச்சல் தெரிந்த உள்ளூர்ப் பையன்கள் இருவரைச் சம்பளத்துக்கு வை. மழைக்காலத்தில் மூடிவிடு. அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கு. லாபம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் எட்டு ஏசி அறைக்கு வாங்கப்போகிற கடனும் உனக்கு இருக்காது. ஒரு வெள்ளம் வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நீ மேலே ஏறிவிடலாம், கட்டடத்தைச் சுருட்ட முடியாது.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வருகிற பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு இரவு, அனுமதி உள்ள, பாதுகாப்பான ஓர் இடத்துக்குப் பிள்ளைகளோடு போய் வாருங்கள். முதல் இரவு தூக்கம் வராது. தவளைச் சத்தம், முதுகில் குத்துகிற கல், கொசு எல்லாம் உண்டு. காலையில் குடும்பத்தின் குப்பை மொத்தத்தையும் ஒரே பையில் போட்டு, அதைப் பிள்ளை கையில் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் நாம் எவ்வளவு சேர்க்கிறோம் என்று அதுவே எடை பார்த்துக்கொள்ளும்.

என் கருத்து தப்பு என்று பட்டால் கமெண்ட்டில் தாராளமாக எழுதுங்கள். முப்பத்தைந்து வருஷம் பேப்பர் திருத்தியவள், கோபப்பட மாட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போல வட்டம் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் டீச்சர்