பிளேட்லெட்டுக்கு மேலே உள்ள வரி

மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபர் பிறந்துவிட்டால் டெல்லியில் காய்ச்சல்காரரை விசாரிக்க வருபவர் கேட்பது ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" கரோல் பாக் ஆனாலும் ஆர்.கே.புரம் ஆனாலும், எண் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீடே கலங்கிப்போகிறது. ஒருவர் பப்பாளி இலை தேடி ஓடுவார், இன்னொருவர் ஊருக்கு போன் போட்டு நிலவேம்பு கேட்பார். ஏறத்தாழ 16,000 பேரை டெங்கு பிடித்த 2015-இல், தலைநகரில் ஆட்டுப்பாலுக்குக்கூட கிராக்கி வந்தது.

அந்த எண் வரும் அதே ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சில வரிகள் மேலே டி.எல்.சி. என்று ஒன்று இருக்கும். மொத்த வெள்ளை அணுக்கள். அதை யாரும் விசாரிப்பதில்லை.

டெங்குவில் பெரும்பாலும் முதலில் சரிவது அதுதான். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இயல்பு. டெங்கு வந்த சில நாட்களில் இது 3,000, 2,500 என்று இறங்கலாம். பிளேட்லெட்டின் வேகமான சரிவு அதற்குப் பின்னால் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டியும் வெள்ளை அணு குறைவதைத்தான் ரத்த எண்ணிக்கையில் தெரியும் முதல் மாற்றமாகச் சொல்கிறது. காய்ச்சல் விட்டபின் முதலில் ஏறத் தொடங்குவதும் வெள்ளை அணுதான். பிளேட்லெட் மெதுவாகத்தான் வரும். அந்த ஏற்றத்தைப் பார்த்து 'புதுசாக ஏதோ தொற்று' என்று பதறுகிறவர்களும் உண்டு.

வெள்ளை அணு குறைந்தாலே டெங்கு என்று முடிவுகட்டவும் முடியாது. டைபாய்டிலும் குறையும், சில மருந்துகளாலும் குறையும். 15,000, 18,000 என்று ஏறியிருந்தால் பாக்டீரியா தொற்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையும் கர்ப்பமும்கூட எண்ணை ஏற்றிவிடும்.

வெள்ளை அணு வகைகளின் சதவீதம் இன்னும் பொல்லாதது. 'லிம்போசைட் 60%' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். மொத்தமே 2,500 என்றால் 60% என்பது 1,500. அது இயல்பான அளவுதான். குறைந்தது நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை, பழி லிம்போசைட்டுக்கு!

2015 செப்டம்பரில் டெல்லி அரசு டெங்கு சோதனைக்கு 600 ரூபாய், பிளேட்லெட் எண்ணிக்கைக்கு 50 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. கொள்ளை விலைக்குக் கடிவாளம் போட்ட நல்ல உத்தரவுதான். ஆனால் ஊரைப் போலவே உத்தரவும் பிளேட்லெட்டைத்தான் பார்த்தது. இன்றைய தானியங்கி இயந்திரங்கள் ஒரே குழாய் ரத்தத்தில் வெள்ளை அணு, பிளேட்லெட், ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் எல்லாவற்றையும் ஒருசேர எண்ணிவிடுகின்றன. நீர் ரத்தக்குழாயை விட்டுக் கசிகிறதா என்று மருத்துவர் கணிக்க அந்தக் கடைசி எண் வேண்டும். எனவே டெங்கு பருவத்தில் விலை வரம்பு முழு ரத்த எண்ணிக்கைக்கே இருக்கட்டும். முந்தைய நாளின் எண்களையும் பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கும்படி ஆய்வகங்களுக்கும் சொல்லலாம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது தாளில் ஒரு பத்தி இடம்.