குடியிருப்போர் தலையில் வீட்டு வரி

வீடு ஒருவனுடையது, வீட்டு வரி மற்றொருவனுடையது. இங்கிலாந்து தேசத்து ஸ்தல ஸ்தாபனங்களின் வரி முறையை ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டுமானால் இவ்வாறுதான் சொல்லவேண்டும். 2025 ஆம் வருஷம் நவம்பர் 26 ஆம் தேதி பிரிட்டிஷ் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் அம்மையார் பார்லிமெண்டில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, இங்கிலாந்தில் 20 லக்ஷம் பவுனுக்கு மேற்பட்ட மதிப்புள்ள மாளிகைகளுக்கு 2028 ஏப்ரல் முதல் ஒரு மேல்வரி விதிக்கப்படுமென்றும், அதனைக் குடியிருப்போரிடமன்றி உடைமையாளரிடமே வசூலிக்கப்போவதாகவும் அறிவித்தார். இந்த அறிவிப்பில் தொகையைக் காட்டிலும் தத்துவமே நமது கவனத்துக்குரியது. மாளிகைக்கு அதை உடையவன் வரி செலுத்துவது நியாயமாயின், சிறிய வீட்டுக்கு மட்டும் வாடகைக்கு இருப்பவன் செலுத்துவது எவ்விதம் நியாயமாகும்?

இது அயல்நாட்டு விவகாரமென்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. லண்டன் மாநகரின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாய் வாழ்ந்து வருகின்றன. கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் நமது வாலிபர்கள் வருஷந்தோறும் அங்கே சென்று வாடகை வீடுகளில் குடியேறுகின்றனர். நமது நகரசபைகள் சொத்து வரியை வீட்டுச் சொந்தக்காரர் பெயரிலேயே விதிக்கின்றன. சென்னை மாநகராட்சி, அரையாண்டின் தொடக்கத்திலேயே வரி செலுத்துவோருக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் நூற்றுக்கு 5 வீதம் தள்ளிக் கொடுக்கிறது. அந்தத் தள்ளுபடியும் சொந்தக்காரருக்கே. குடித்தனக்காரரின் கைக்கு வரிச் சீட்டு வருவதில்லை. இவ்வழக்கத்தை மனத்திற்கொண்டு கடல் கடந்து செல்பவர், அங்கே தம் பெயருக்கே கவுன்ஸில் வரிச் சீட்டு வந்து சேர்வதைக் கண்டு திகைப்பதில் ஆச்சரியமில்லை.

இம்முறையின் வேர் மிகப் பழையது. 1601 ஆம் வருஷத்து ஏழைகள் பராமரிப்புச் சட்டம், நிலத்தையும் வீட்டையும் அநுபவிப்பவர்மீதே வரியைச் சுமத்தியது. அதுவே ‘ரேட்ஸ்’ என்னும் பெயரால் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1867 ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம், அந்த ரேட்ஸ் செலுத்திய நகரத்துக் குடித்தனக்காரனுக்கு வாக்குரிமையை அளித்தது. பாரம் சுமந்தவனுக்கு அந்த ஒரு பயனாவது அன்று கிடைத்தது. பிற்காலத்தில் வாக்குரிமை அனைவருக்கும் பொதுவாயிற்று. பாரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

மார்கரெட் தாட்சர் அம்மையாரின் அரசாங்கம் இந்த ரேட்ஸை ஒழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி விதித்தது. ஸ்காட்லாந்தில் 1989 இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 இலும் அது அமலுக்கு வந்தது. பிரபுவும் அவர் வீட்டுக் குப்பை வண்டிக்காரனும் ஒரே தொகை செலுத்தவேண்டுமென்ற அநீதியை ஜனங்கள் பொறுக்கவில்லை. 1990 மார்ச்சு 31 ஆம் தேதி லண்டன் ட்ரபால்கர் சதுக்கத்தில் திரண்ட கூட்டம் பெருங்கலகத்தில் முடிந்தது. அவ்வருஷம் நவம்பரில் தாட்சர் அம்மையார் பதவி துறந்தார். தலைவரியும் பின்னர் மாண்டது. அதனிடத்தில் 1992 ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 1993 ஏப்ரலில் வந்ததே இப்போதைய கவுன்ஸில் வரி.

அவசரத்திற் பிறந்த இந்த வரி, அவசரத்தின் தழும்புகளை இன்றும் தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் வீடுகள் ‘ஏ’ முதல் ‘எச்’ வரையில் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1991 ஏப்ரல் 1 ஆம் தேதியன்று வீடு என்ன விலை பெற்றிருக்கும் என்பதே அளவுகோல். 40,000 பவுன் வரையில் ‘ஏ’. 320,000 பவுனுக்கு மேற்பட்டால் ‘எச்’. வேல்ஸ் தேசம் 2003 ஆம் வருஷத்து விலைப்படி மறுமதிப்புச் செய்துகொண்டது. இங்கிலாந்தோ 1991 ஐ விட்டு அசையவில்லை. மேலும், ‘எச்’ வகுப்பு வீட்டின் மதிப்பு ‘ஏ’ வகுப்பு வீட்டைவிட எட்டு மடங்குக்குக் குறையாது. வரியோ மூன்றே மடங்கு. ஊருக்கு ஊர் உள்ள பேதம் இதனினும் விபரீதம். 2025-26 இல் ‘டி’ வகுப்பு வீட்டுக்கு இங்கிலாந்தின் சராசரி வரி 2,280 பவுன். தனவந்தர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் அது சுமார் 1,000 பவுன். தொழிலாளர் மிகுந்த நாட்டிங்ஹாமில் 2,500 பவுனுக்கும் மேல். ஆகவே, நாட்டிங்ஹாமின் நடுத்தர வீட்டில் வாடகைக்கு இருப்பவர், வெஸ்ட்மின்ஸ்டரின் மாளிகைவாசியைக் காட்டிலும் அதிகம் செலுத்துகிறார்!

இத்தகைய பாரத்தைத் தணிக்கச் சட்டமே சில கழிவுகளை வகுத்திருக்கிறது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டுமே குடியிருந்தால் நூற்றுக்கு 25 கழிவு. அவருடைய வருமானத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. சராசரி ‘டி’ வகுப்பு வீட்டில் இது வருஷத்துக்கு 570 பவுன். முழுநேர மாணாக்கர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கடுமையான மனநோயால் அறிவாற்றல் குன்றியோர் முதலியவர்கள் தலைக்கணக்கிற் சேரார். குடியிருப்போர் அனைவரும் மாணாக்கராயின் வரியே இல்லை. ஆனால் நால்வர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் மட்டும் படிப்பை முடித்து உத்தியோகம் ஏற்பாராயின், அன்று முதல் முக்காற்பங்கு வரி பிறக்கிறது. அது சட்டப்படி அவ்வொருவர் தலையிலேயே விழுகிறது. மாணாக்கரல்லாத பலர் ஒரே ஒப்பந்தத்திற் குடியிருந்தால், ஒருவர் செலுத்தத் தவறிய பங்குக்கு மற்றவர்களும் பொறுப்பாளிகளே. அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தத்தில் விடப்பட்ட வீட்டில் வரிக்குப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அங்ஙனமிருக்க, வரிச்சீட்டைக் குடித்தனக்காரரிடம் நீட்டும் வீட்டுக்காரரிடம் அவர் ஏமாறலாகாது. அங்கவீனருக்காக வீட்டில் தனி அறையோ சக்கர நாற்காலிக்கு இடமோ ஒதுக்கப்பட்டிருந்தால், ஒரு வகுப்புக் கீழிறக்கி வரி விதிக்கவும் விதியுண்டு.

வருவாய் குறைந்தோருக்கு வேறொரு குறைப்பும் உண்டு. முன்பு அது தேச முழுவதற்கும் ஒரே விதிப்படி நடந்தது. 2013 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் அதைக் கைவிட்டு, பணத்தையும் குறைத்து, பொறுப்பை மட்டும் ஸ்தல ஸ்தாபனங்களின் தலையிற் கட்டியது. முதியோருக்கு இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி நீடித்தது. உழைக்கும் வயதினருக்கோ ஊருக்கொரு விதி ஏற்பட்டது. இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. பொதுநிதி உதவி பெறலாகாது என்ற நிபந்தனையுடன் அநுமதி பெற்றுச் சென்றவர் இந்த வருவாய்க் குறைப்பைக் கோரினால், அது குடியேற்ற நிபந்தனையை மீறியதாகும். தனித்து வாழ்வோர் கழிவும் மாணாக்கர் விலக்கும் அவ்வகையைச் சேர்ந்தனவல்ல. அவற்றை அச்சமின்றிக் கேட்கலாம். இந்த வேற்றுமையை அறியாமல், பயத்தினால் உரிமையை இழந்தவரும் உண்டு. துணிவினால் ஆபத்தைத் தேடிக்கொண்டவரும் உண்டு.

இவ்வளவும் சட்டத்தில் உள்ளனவே. பின் குறையென்னவெனில், கேளாதவனுக்கு இவை கிட்டுவதில்லை. வரிச்சீட்டு தானே வரும். கழிவு தானே வராது. விண்ணப்பம் எழுதவேண்டும், அத்தாட்சி காட்டவேண்டும், நிலைமை மாறினால் உடனே தெரிவிக்கவும் வேண்டும். தவணை தவறினாலோ அதிகாரிகள் காட்டும் சுறுசுறுப்பு வேறு. நினைவூட்டுச் சீட்டு, ஏழு நாள் கெடு, தவணை உரிமை ரத்து, மாஜிஸ்டிரேட் உத்தரவு, ஜப்தி ஆட்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். பணமிருந்தும் கொடாதவரை மூன்று மாதம் வரை சிறையிலிடவும் 1992 ஆம் வருஷத்து விதிகள் இடந்தந்தன. அந்த அவமானத்தை வேல்ஸ் 2019 இல் துடைத்தெறிந்தது. வசூலிப்பதற்கு விலாசம் அறிந்த சர்க்கார், கழிவு கொடுப்பதற்கு மட்டும் விலாசம் அறியாததுபோல் நடிக்கலாமா? கேட்டுப் பெறவேண்டிய உரிமை, கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே உரிமை. மற்றவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

வாடகைக்கு இருப்பவன் வீட்டின் விலையேற்றத்தால் ஒரு காசும் பெறுவதில்லை. விலை ஏற ஏற அவனது வாடகையே ஏறுகிறது. லாபம் ஒரு பக்கமும் வரி மறுபக்கமும் நிற்பது சமநீதியாகாது. உடையவரிடம் வசூலித்தால் அவர் வாடகையை உயர்த்திவிடுவார் என்பர் சிலர். அது ஓரளவு உண்மையே. நமது ஊரில் நாம் காணாததன்று. ஆயினும் வரிச்சீட்டும் ஜப்தியும் மாஜிஸ்டிரேட் சம்மனும் குடித்தனக்காரரின் வாசலுக்கு வாரா என்பது சிறிய நன்மையன்று. மாளிகைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தத்துவத்தை எல்லா வீடுகளுக்கும் விரிப்பதும், 1991 ஆம் வருஷத்து மதிப்பைக் களைவதும், கழிவுகளைக் கேளாமலே கணக்கிற் சேர்ப்பதும் செய்யத்தக்க காரியங்களே.

செய்விப்பவர் யார்? 1921 இல் லண்டனின் ஏழைப் பகுதியாகிய பாப்லரில், ஏழை ஊரும் செல்வ ஊரும் ஒரே வகையிற் பாரம் சுமக்கலாகாதென்று ஜார்ஜ் லான்ஸ்பரியும் அவருடைய சகாக்களுமாக நகரசபை அங்கத்தினர் முப்பது பேர் சிறை புகுந்தனர். சில வாரங்களில் விடுதலை பெற்றனர். பாரத்தைப் பகிரச் சட்டமும் வந்தது. நம்மவர் சிறை புகவேண்டியதில்லை. காமன்வெல்த் தேசங்களின் பிரஜைகளாகச் சட்டப்படி அங்கே குடியிருக்கும் இந்தியரும் இலங்கையரும் நகரசபைத் தேர்தலிலும் பார்லிமெண்டுத் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள். பெயரைப் பதிவு செய்துகொள்வது ஒன்றே வேண்டுவது. கழிவுக்கு ஒரு விண்ணப்பம், வாக்குக்கு ஒரு விண்ணப்பம்: புதிய வீட்டில் குடிபுகும் முதல் வாரத்திலேயே இவ்விரண்டையும் எழுதிவிடுவது ஒவ்வொரு தமிழருடைய கடமையாகும்.