வாக்குண்டு, வாயில்லை!

2025 பிப்ரவரித் திங்களில் ஒரு நாள் காலை. ஆவடி நிலையத்திலே மின்சார ரயில் வந்து நிற்கிறது. ஏறுகிறார்கள், இல்லை, தொற்றுகிறார்கள். தொழிலாளரும், எழுத்தரும், கல்லூரி மாணவரும். மாணவர் நால்வர் வாயிலோரம் நின்றபடியே பேசத் தொடங்குகிறார்கள். சினிமாப் பேச்சு அல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை டில்லி சர்க்கார் நிறுத்தி வைத்திருந்ததைப் பற்றிய பேச்சு.

"பி.எம்.ஸ்ரீ திட்டத்திலே கையெழுத்திட்டால்தான் பணம் என்கிறார்கள். வரி கொடுத்தவர்கள் நாம். நிபந்தனை போடுபவர்கள் அவர்களா?" என்றான் ஒருவன்.

"நிபந்தனை போட அவர்களுக்கு அதிகாரமில்லை என்று எதைக் கொண்டு சொல்கிறாய்? கல்வி பொதுப்பட்டியலில் அல்லவா இருக்கிறது?" என்றான் மற்றவன்.

"அது பொதுப்பட்டியலுக்குப் போனது எப்போது? 1976-இலே, நெருக்கடி நிலைக் காலத்திலே, 42-ஆவது திருத்தத்தாலே! அதற்கு முன் அது மாநிலத்தின் உரிமை!" என்று மடக்கினான் மூன்றாமவன்.

அரசியல் சட்ட வகுப்பே நடந்துகொண்டிருந்தது, ஆசிரியர் இன்றி, கட்டணம் இன்றி! அம்பத்தூர் வந்தது. அருகே நின்றிருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க மாட்டாமல் வாய் திறந்தார். "தம்பிகளா! வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி உங்களைப் படிக்க அனுப்புகிறார்கள் பெற்றவர்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கப்பா அரசியல்? படிப்பைப் பாருங்கள்!"

"சரிங்க ஐயா" என்றான் ஒருவன். பேச்சு அடங்கிற்று. நால்வரும் கைப்பேசியை எடுத்தனர், தலை கவிழ்ந்தனர். பெரியவர் முகத்திலே நிம்மதி! பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் அல்லவா!

அந்தப் பெரியவர்மீது நமக்குச் சினமில்லை. அவர் பேச்சிலே இருந்தது ஆணவமல்ல, அச்சம். பிள்ளைக்குப் பட்டம் கிடைக்குமோ, வேலை கிடைக்குமோ, வம்பு வந்து சேருமோ என்ற ஏழைப் பெற்றோரின் அச்சம். நமது வழக்கு அவரோடு அல்ல. அந்த அச்சத்தையே விதியாக்கி, விதியையே வாயிற்கதவாக்கி, "அரசியல் பேசேன், கூட்டம் கூட்டேன், துண்டறிக்கை தரேன்" என்று சேர்க்கையின்போதே மாணவனிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் கல்லூரி நிர்வாகத்தாரோடுதான் நமது வழக்கு. பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும், நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், வயல் இருந்த இடமெல்லாம் கல்லூரி முளைத்திருக்கிறது. மகிழ்ச்சி! கட்டடம் உயர்ந்திருக்கிறது, கட்டணமும் உயர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மாணவனின் குரல் மட்டும் உயரக் கூடாதாம்!

ஒன்று கேட்கிறோம். 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆயிற்று. 18 வயது என்றால் யார்? கல்லூரியின் முதலாண்டு மாணவன், மாணவி! நாட்டின் பிரதமரை அமர்த்தவும் அகற்றவும் அவனுக்கு உரிமை உண்டு. தேர்தல் நாளிலே எத்தனையோ கல்லூரி வகுப்பறைகள் வாக்குச்சாவடி ஆகின்றன. அந்த ஒரு நாள், அதே அறையிலே, அதே மாணவன் நாட்டின் மன்னன்! மறுநாள் அதே அறையிலே, "நான் ஏன் இன்னாருக்கு வாக்களித்தேன்" என்று நண்பனிடம் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை! வாக்குச்சாவடியிலே அறிவாளி, வகுப்பறையிலே அறியாப் பிள்ளையா? வாக்கு உண்டு, வாய் இல்லையா? எந்த ஊர் நியாயம் இது?

"அரசியல் வெளியே இருக்கட்டும்" என்கிறார்கள். அரசியல் வெளியிலேயா இருக்கிறது? ஆவடியையே எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரியில் காங்கிரசு மாநாடு இங்கேதான் கூடியது. சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆவடியின் பெயர் வரலாற்று நூல்களிலே ஏறிற்று. அடுத்த பத்தாண்டிலே இதே ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. ஊரார் 'டேங்க் பேக்டரி' என்று உரிமையோடு அழைக்கும் அந்தப் பொதுச் சொத்திலே, 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. அதைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளி, கடைத்தெரு, பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு. 2021 அக்டோபர் 1-ஆம் நாள், படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அரசு ஊழியராய் இருந்தோர், நாளை நம் நிலை என்னவோ என்று கலங்கினர்.

அந்தக் குடியிருப்பிலே பிறந்த ஒரு மாணவன் தேர்வு எழுதுகிறான். "ஆவடித் தீர்மானம் யாது?" விடை எழுதுகிறான், இரண்டு மதிப்பெண். அதே மாணவன் மரத்தடியிலே நண்பர்களைக் கூட்டி, "ஆவடிக்குச் சமதர்மம் வந்ததா? என் தந்தையின் தொழிற்சாலை ஏன் நிறுவனமாயிற்று?" என்று கேட்கிறான். விளக்கம் கேட்டு ஓலை வருகிறது! தீர்மானத்தை மனப்பாடம் செய்வது கல்வி; அது நிறைவேறியதா என்று கேட்பது குற்றம்! இதைவிடக் கேலிக்கூத்து வேறு உண்டா?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வாருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே, அதே இயந்திரத்தின் முன், ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறான். வேலை ஒன்று, கூலி வேறு. 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கி 2019-இலும் 2020-இலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பொறியியல் பட்டம் பெற்று நாளை அந்த வாயிலிலே நிற்கப் போகிறவன் இன்றைய மாணவன். தன் எட்டு மணி நேரத்தைப் பற்றிய சட்டத்தை அவன் பேசக் கூடாதாம்; இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசலாமாம்!

அவ்வளவு ஏன்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே வழக்கு வளர்ந்தது, ஆண்டு மாறியது, நாற்காலி காலியாகவே கிடந்தது. மூன்றாண்டு படித்து முடித்தவனின் பட்டச் சான்றிதழிலே ஒப்பமிடத் துணைவேந்தர் இல்லை! அரசியலை நாடாமல் படித்தவனின் பட்டத்தை அரசியல் தேடி வந்தது. "அரசியல் உனக்கு எதற்கு?" என்று மாணவனைக் கேட்பவர்கள், "மாணவன் உனக்கு எதற்கு?" என்று அரசியலைக் கேட்டதுண்டா?

பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நகரின் தெற்கே, கிண்டிக் காட்டோரம் நடந்த கதை ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலே 2014 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளிலே, மாணவர் சிலர் அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டம் அமைத்தனர். விவேகானந்தர் பெயரால் ஒரு வட்டம் அங்கே முன்பே இருந்தது; அதனால் யாருக்கும் தலைவலி வந்ததில்லை. இவர்கள் என்ன செய்தார்கள்? கூட்டம் போட்டார்கள், படித்தார்கள், விவாதித்தார்கள், துண்டறிக்கை தந்தார்கள். மொழி, சாதி, மத்திய அரசின் கொள்கை பற்றியெல்லாம் எழுதினார்கள். பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் டில்லிக்குப் போயிற்று. டில்லி அமைச்சகம் அதை மதித்து, கருத்துக் கேட்டு ஐ.ஐ.டி.க்கு எழுதிற்று. 2015 மே 22: வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது! பெயர் போட்டுப் பேசிய மாணவருக்குத் தண்டனை. பெயர் போடாத மொட்டைக் கடிதத்துக்கு மரியாதை! ஆனால் நடந்தது என்ன? சென்னையிலே தொடங்கிய கண்டனம் நாடெங்கும் பரவிற்று. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்தது. சில பத்து மாணவர் படித்துவந்த வட்டத்தை இந்தியா முழுவதும் அறியச் செய்தவர்கள் அதைத் தடை செய்தவர்களே! கருத்தைப் பூட்டப் போனவர்கள் அதற்குக் கதவு திறந்துவிட்டார்கள்.

நிர்வாகத்தார் இறுதியாக ஓர் அம்பை எடுப்பார்கள். "பேச்சு வளர்ந்து பூசலாகும், கட்சி வந்தால் கத்தி வரும், ஆகவேதான் தடை!" இதை நாம் ஒதுக்கிவிடவில்லை, நேராகவே பார்க்கிறோம். தடை போட்டீர்களே, கத்தி போயிற்றா? அந்த ஆவடி ரயிலையே கேளுங்கள்! பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் பேருந்துகளைக் கேளுங்கள்! 'ரூட்டு தல' என்று ஒரு பதவி. எந்தச் சட்டமும் தராத பட்டம். தடத்துக்கொரு தலைவன், கல்லூரிக்கொரு படை, நிலையத்துக்கு நிலையம் மோதல். 2019 ஜூலையில் அரும்பாக்கத்திலே, நடுச்சாலையிலே, பட்டப்பகலிலே மாணவரை மாணவரே பட்டாக்கத்தியால் வெட்டினர். 2024 அக்டோபரில், சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், சில நாளிலே மருத்துவமனையில் உயிர்விட்டார். தாக்கியதாகக் கைதானோர் மற்றொரு கல்லூரியின் மாணவர்கள். இரு தரப்பும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தம் குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவர்களிடையே எத்தனை பேர்!

எந்தக் கொள்கைக்காக நடந்தது அந்தக் கொலை? எந்தக் கட்சியின் வேலைத்திட்டத்துக்காக? எதுவுமில்லை! மொழிக்காக அல்ல, கூலிக்காக அல்ல, உரிமைக்காக அல்ல; ஒரு தடத்தின் பெயருக்காக, ஒரு கல்லூரியின் பெயருக்காக! இளைஞன் நெஞ்சிலே கூட்டாகச் சேரவேண்டும், தலைவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏதோ ஒன்றுக்காக நிற்க வேண்டும் என்ற வேகம் உண்டு. அது இயற்கை. அந்த வேகத்துக்கு மேடை தந்தால் பேச்சாளன் பிறப்பான். பேரவை தந்தால் பொறுப்பாளன் பிறப்பான். இரண்டையும் மறுத்தால் 'தல'தான் பிறப்பான்! அரசியலுக்கு மூடிய கதவின் இடுக்கிலே சாதியும் நுழைகிறது, கையிலே வண்ணக் கயிறாக. அந்தக் கயிற்றுக்கு அனுமதி கேட்டு எவனும் முதல்வர் அறைக்கு வருவதில்லை. துண்டறிக்கைக்குத்தான் அனுமதி கேட்டு நிற்கிறான்; அவனைத்தான் விரட்டுகிறீர்கள்!

மேடை தருவது சட்டத்துக்கு விரோதமா? 2006 செப்டம்பர் 22 அன்று, லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மாணவர் பேரவைத் தேர்தல் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கிய 6 முதல் 8 வாரங்களுக்குள் நடக்க வேண்டும். வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வகுப்பிலே 75 விழுக்காடு வருகை வேண்டும். குற்றப் பின்னணி கூடாது. அரசியல் கட்சிகள் தேர்தலிலே தலையிடக் கூடாது. கத்திக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட வலுவான வேலி வேறு என்ன வேண்டும்? ஆயினும் தமிழ்நாட்டின் மிகப் பல கல்லூரிகளிலே தேர்தல் என்ற சொல்லே இல்லை. சீருடை விதி தெரிகிறது, தாடி விதி தெரிகிறது, உச்சநீதிமன்ற ஆணை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை!

நிர்வாகத்தாரைச் சாடிவிட்டு நம் வீட்டை மறைத்தால் நேர்மையாகாது. 1965 ஜனவரியில் மாணவர் எழுந்தனர். ஜனவரி 27 அன்று சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். ஆங்கிலம் தொடரும் என்ற உறுதி வானொலி வழியே பிப்ரவரியில் வந்தது. 1967-இன் ஆட்சிமொழித் திருத்தச் சட்டமாக அது உருப்பெற்றது. அதே 1967-இல் விருதுநகரிலே, பெருந்தலைவர் காமராசரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன். கோட்டைக்குப் படிக்கட்டு மாணவர் தோள்! ஏறியபின் என்ன ஆயிற்று? 1971-இலே, அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே, முதலமைச்சருக்கு டாக்டர் பட்டம் வழங்குவதை எதிர்த்த மாணவர்மீது தடியடி நடந்தது. அந்த நிகழ்ச்சியை ஒட்டி மாணவர் உதயகுமார் உயிரிழந்தார். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கம், கேள்வி தன்னை நோக்கித் திரும்பியபோது முகம் சுளித்தது. 1967 முதல் மாறி மாறி ஆண்டவர் அனைவரும் மாணவர் தியாகத்துக்கு மாலை போட்டனர். மாணவர் பேரவைக்குச் சட்டம் போடவில்லை. சிலைக்கு மாலை, வாய்க்குப் பூட்டு! இந்தக் கணக்கும் தீர்க்கப்பட வேண்டியதே.

மாணவத் தோழர்களே, உங்களிடமும் ஒரு சொல். கூச்சல் விவாதமாகாது, தலைவர் படத்துக்குப் பாலாபிஷேகம் அரசியலாகாது. கைப்பேசியிலே வந்த செய்தியைக் கண்ணை மூடி நம்புவது, மந்திரத்தை நம்புவதைவிடச் சிறிதும் மேலானதல்ல. ரயிலிலே அந்த மூன்றாமவன் ஆண்டைச் சொன்னான், திருத்தத்தின் எண்ணைச் சொன்னான், அதுதான் விவாதம்! எதிர்க்கருத்து உடையவனையும் அழைத்துப் பேசவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவை மூடிப் பெண்களை உள்ளே வைத்துவிட்டு, ஆண்கள் மட்டும் கூடி நாட்டு விடுதலை பேசுவது பாதிப் பேச்சு என்பதையும் மறவாதீர்.

நாம் கேட்பது மலையை அல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஓர் அரங்கம், ஓர் அறிவிப்புப் பலகை, ஆண்டுக்கொரு தேர்தல். செலவு சொற்பம், துணிவுதான் தேவை.

அம்பத்தூரிலே வாய் திறந்த அந்தப் பெரியவர், "எதற்கப்பா அரசியல்?" என்று கேட்டதற்குப் பதில், "42-ஆவது திருத்தம் என்றால் என்ன தம்பி? எனக்கும் சொல்" என்று கேட்டிருந்தால், அந்த ரயில் பெட்டியே பல்கலைக்கழகம் ஆகியிருக்கும். கேட்கும் நாள் வரும். கல்லூரிக் கதவின் பூட்டை நிர்வாகத்தார் திறக்கட்டும், அல்லது ஆள்வோர் திறக்கட்டும். இருவரும் மறுத்தால், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதை 1965 முன்பே சொல்லி வைத்திருக்கிறது!