காதுல பூ சுத்துறாங்களா?

ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் இருந்தா, பாட்டு விஷயத்துல நாலு கட்சி இருக்கும். ‘எம்.பி.3 எல்லாம் டப்பா மச்சி, லாஸ்லெஸ்ல கேளு, அப்புறம் பேசு’ என்பான் ஒருத்தன். ‘சி.டி. சவுண்டே தனிடா’ என்பான் இன்னொருத்தன். மூணாவது ஆள், ‘எங்கப்பா கேசட்ல கேட்ட சுகம் எதுலயும் வராது’ என்று சென்ட்டிமென்ட்டைப் பிழிவான். நாலாவது ஆசாமி எதுவுமே பேசமாட்டான். போன மாசம்தான் வீட்டில் சண்டை போட்டு ஒரு புளூடூத் இயர்போன் வாங்கியிருப்பான்!

இதுல யார் சொல்றது சரி? சும்மா அரட்டைக்கான கேள்வி இல்லை பாஸ். உங்க பாக்கெட் மணி, அதைவிட முக்கியமா உங்க காது, ரெண்டும் இதுல மாட்டியிருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பிரிச்சு மேயலாம்.

அப்பா காலத்து ‘உஸ்ஸ்ஸ்...’

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது 1963-ல். உள்ளே ஓடும் டேப்பின் அகலம் வெறும் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் ‘ஏ’ பக்கத்துக்கு ரெண்டு, ‘பி’ பக்கத்துக்கு ரெண்டு என்று நாலு தடங்கள் அடங்கணும். ஆக, ஒரு தடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட தேறாது. டேப் ஓடும் வேகமோ விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான். இவ்வளவு குறுகலான சந்தில் இசையை அடைத்தால் என்ன ஆகும்? பாட்டுக்குப் பின்னாலேயே ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். அதைக் குறைக்க வந்ததுதான் பழைய டெக்குகளில் பார்க்கிற ‘டால்பி’ பட்டன்.

நம்ம ஊர் ரெக்கார்டிங் கடைகளில் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிவு செய்து வாங்குவார்களே, அதில் இரைச்சல் இன்னும் ஒரு படி கூடும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்த கதைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பாட்டையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் ஒரு சுகம் இருந்ததே... அது நிஜம். அது காதுக்கான சுகம் இல்லை, மனசுக்கானது!

எல்.பி. ரெக்கார்டுக்கும் இதே கதைதான். 1948-ல் வந்த சங்கதி. தூசி பட்டால் ‘கிரக்... கிரக்’, தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க சத்தம் கொஞ்சம் பிசிறடிக்கும். ஆனாலும் அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யைவிட எல்.பி. அதிக எண்ணிக்கையில் விற்றது. பெரிய அட்டைப்படம், ஊசியை எடுத்து வைக்கிற அந்த பந்தா, அதுக்கெல்லாம் மவுசு இருக்கே!

சி.டி. என்ன கில்லாடியா?

ஆமா, கில்லாடிதான். 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து இறக்கிய சி.டி., ஒரு விநாடி இசையை 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஏன் இந்தக் கணக்கு? மனுசக் காதுக்கு எட்டுகிற உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். அதை முழுசாப் பிடிக்க, அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணிதம். மெல்லிய சத்தத்துக்கும் பலத்த சத்தத்துக்கும் நடுவில் சி.டி. கொடுக்கிற இடைவெளி 96 டெசிபல். சாதாரண கேசட்டில் 50, 60-ஐத் தாண்டுவதே பெரும்பாடு.

அப்போ சி.டி.க்கு மேலே போனால் இன்னும் நல்லா கேட்குமா? 2007-ல் மேயர், மோரன் என்ற ரெண்டு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்று, அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியது ஒன்று. எது எதுன்னு சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியான பதில் 276. அதாவது பாதிக்குப் பாதி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்!

எம்.பி.3 செய்யும் திருட்டு

கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பின்னால் போகிற கொலுசுச் சத்தம் காதில் விழுமா? விழாது. பெரிய சத்தம் சின்ன சத்தத்தை மறைத்துவிடும். ‘எப்படியும் கேட்கப்போறதில்லை, அப்புறம் அதை எதுக்கு சேமிக்கணும்?’ என்று கேட்டதுதான் எம்.பி.3-யின் ஐடியா. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைச் செதுக்கியபோது, சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைப் போட்டுப் போட்டுச் சோதித்தார். துணைக்கு வாத்தியம் இல்லாத குரலில் தப்பு நடந்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும் இல்லையா?

அஞ்சு நிமிஷப் பாட்டு ஒன்று சி.டி.யில் சுமார் 53 எம்.பி. பிடிக்கும். 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யில் 12 எம்.பி. 128-ல் அஞ்சு எம்.பி.கூட வராது. 128-ல் ஜால்ரா, சலங்கை, கைதட்டல் எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கொழகொழன்னு கேட்கும். 320-ல்? சி.டி.யோடு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது பெரும்பாலான காதுகளுக்குக் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: 128-ல் இருந்த பாட்டையே மாற்றி, ‘320’ என்று பேர் வைத்துச் சுற்றவிடுவார்கள். தூக்கிப் போட்டது திரும்பி வராது மக்களே. ஃபைல்தான் குண்டாகும்!

லாஸ்லெஸ் லாபமா?

லாஸ்லெஸ் என்றால் ஒரு எண்ணைக்கூட இழக்காமல் சுருக்குவது. ஆப்பிள் மியூசிக் 2021-ல் தனிக் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் இந்தக் களத்தில் குதித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம நாலாவது ஆசாமியின் புளூடூத் இயர்போன் ஞாபகம் இருக்கா? சி.டி. தரத்துக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேணும். சாதாரண புளூடூத் சுமார் 330-தான் தாங்கும். சோனியின் எல்.டி.ஏ.சி.கூட அதிகபட்சம் 990. ஆக, லாஸ்லெஸ்ஸுக்கு டேட்டாவைக் கொட்டி, கடைசி ரெண்டு அடியில் மறுபடி சுருக்கித்தான் காதுக்கு அனுப்புகிறீர்கள். அண்டா நிறைய பாலைக் காய்ச்சி ஸ்பூன்ல குடிக்கிற மாதிரி!

இன்னொரு மேட்டர். பதிவே சரியில்லை என்றால் எந்த ஃபார்மேட்டும் காப்பாற்றாது. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் 2008-ல் வந்தபோது, சத்தத்தை ஏத்தி ஏத்தி நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே கொடி பிடித்தார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ கேமில் தெளிவாகக் கேட்டதுதான் வேடிக்கை.

நீங்களே நீதிபதி

யார் சொல்வதையும் நம்பாதீங்க, இந்தப் பத்தியையும் சேர்த்துத்தான். ஒரு சி.டி. அல்லது லாஸ்லெஸ் பாட்டை எடுங்க. அதிலிருந்து நீங்களே ஒரு 320, ஒரு 128 செய்யுங்க. வால்யூம் துல்லியமா ஒண்ணா இருக்கணும். துளி சத்தம் கூடினாலும் அதுதான் ‘நல்லா இருக்கு’ன்னு மூளை ஏமாறும். ஃப்ரெண்டை காசு சுண்டிப் போட்டு, தலைக்கு ஒண்ணு பூவுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. நீங்க திரும்பி உட்காருங்க. பத்து தடவை. அஞ்சு, ஆறு சரின்னா அது வெறும் குத்துமதிப்பு. ஒன்பதுக்கு மேல் சரின்னா காலரைத் தூக்கி விட்டுக்கலாம். குருட்டாம்போக்கில் அப்படி வர நூத்துக்கு ஒரு வாய்ப்புதான்.

128-க்கும் 320-க்கும் வித்தியாசம் தெரியுதா? ஆப்ல ‘ஹை குவாலிட்டி’ செட்டிங்கைப் போடுங்க. 320-க்கு மேல் தெரியலையா? சந்தோஷம், காசு மிச்சம். அந்தக் காசில் காதில் கச்சிதமா உட்கார்கிற ஒரு நல்ல ஒயர் இயர்போன் வாங்குங்க. வித்தியாசம் அங்கேதான் பளிச்சுன்னு தெரியும்.

கச்சிதமா உட்காரணும்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பஸ் இன்ஜின் சத்தம் உள்ளே வந்தால், அதை ஜெயிக்க வால்யூமை ஏத்துவீங்க. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90-க்குப் போனால் 4 மணி நேரம்தான்! உள்காதில் இருக்கிற நுண்முடி செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் காலியாவது அந்த ஜால்ராவும் சலங்கையும் இருக்கிற உச்சஸ்தாயிதான். எதுக்காக லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கட்டினீங்களோ, அதேதான்!

போன் ரிப்பேர் ஆனா மாத்திக்கலாம், ஃபார்மேட் பழசானா மாத்திக்கலாம். காதுக்கு மட்டும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கிடையாது. வால்யூமை 60 சதவீதத்துல நிறுத்திட்டு, பாட்டைப் போடுங்க பாஸ்!